வாகனக் கேள்வி பதில்: வெள்ளம் கடந்த லொறி

கேள்வி: ஐயா, கொழும்பு பழைய சோனகத் தெருவிலிருந்து அவிசாவளைப் பக்கக் கடைகளுக்குப் பலசரக்கு ஏற்றிச் செல்லும் நான்கு சிலிண்டர் டீசல் லொறி ஒன்று என்னிடம் இருக்கிறது. அண்மையில் பெய்த மழையின்போது வெல்லம்பிட்டியில் முன் பம்பர் மூழ்கும் அளவு வெள்ளத்துக்குள் ஏறக்குறைய இருநூறு மீற்றர் தூரம் ஓட்ட நேர்ந்தது. வண்டி நடுவில் நிற்கவில்லை; அன்றிரவு ஒழுங்காக வீடு வந்தேன். ஆனால், மறுநாள் காலையிலிருந்து எஞ்சின் துள்ளித் துள்ளி ஓடுகிறது, வெள்ளைப் புகை வருகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை. கராஜில் நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் பழுதாகியிருக்கவும் கூடும். ஆனால், அரை மணி நேரத்தில் செலவின்றிப் பார்க்கக்கூடிய காரணங்கள் இருக்கும்போது, விலை கூடிய பாகத்தில் முதலில் கைவைப்பது சரியல்ல.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது "மறுநாள் காலையிலிருந்து" என்ற சொற்கள்தான். காற்றுப் பாதை வழியாகத் தண்ணீர் புகுந்து எஞ்சினைக் கெடுத்திருந்தால், துள்ளலும் புகையும் பெரும்பாலும் வெள்ளத்துக்குள்ளேயோ கரையேறிய சில நிமிடங்களிலோ தெரிந்திருக்கும். ஒழுங்காக வீடு வந்த வண்டி ஓர் இரவு நின்ற பிறகு துள்ளுகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது டீசல் தாங்கியை. தாங்கி தாழ்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால், மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் அந்த வழியாக வெள்ளம் உள்ளே போய்விடும். ஒரு லீற்றர் டீசலின் நிறை ஏறக்குறைய 840 கிராம், தண்ணீரின் நிறை 1,000 கிராம் என்பதால், ஓடும்போது குலுங்கிக் கலந்திருந்த நீர் இரவில் அடியில் படிந்து, காலையில் டீசலுக்கு முன்பாகவே குழாயில் ஏறிவிடுகிறது.

ஆகவே, நீர் பிரிக்கும் பில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, வடிவதைத் தெளிவான கண்ணாடிப் போத்தலில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் போத்தலின் அடியில் தனியான கோடாகத் தெரியும். அப்படித் தெரிந்தால், தாங்கியை முழுமையாக வடித்துக் கழுவி, பில்டர்களை மாற்றி, புதிய டீசலில் ஓட்டிப் பாருங்கள். அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள். நல்ல இன்ஜெக்டரின் நுண்ணிய பாகங்களைக்கூடத் தண்ணீர் கலந்த டீசல் சில நாட்களில் துருவேற்றிவிடும், பிறகு கராஜில் சொன்னது உண்மையாகிவிடும்.

அடுத்து, காற்று பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் காற்றுப் பாதைக்குள் வந்ததா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. நனைந்து காய்ந்த காகிதம் நெளிந்து விறைத்திருக்கும். மடிப்புகளின் அடியில் மஞ்சள் வண்டல் படிந்திருக்கும். காற்று இழுக்கும் வாய் உயரத்தில் இருக்கிறதே என்று சாரதிகள் ஆறுதல் கொள்வதுண்டு. ஆனால், பில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால், தண்ணீர் வாய் வரை உயர வேண்டிய தேவையே இல்லை. அந்தக் குழாயை வளைத்து, உட்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மணல் தட்டுப்பட்டால் விடயம் பாரதூரமானது.

அது ஏன் பாரதூரமானது என்பதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 1,000 மில்லிலீற்றர், அமுக்க விகிதம் (உள்ளிழுத்த காற்று எத்தனையில் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது என்பது) 18 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது எஞ்சும் இடம் ஏறக்குறைய 60 மில்லிலீற்றர், அதாவது நான்கு மேசைக்கரண்டி. காற்று அந்த இடத்துக்குள் அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அதைவிடச் சற்று அதிகமாகத் தண்ணீர் புகுந்தாலே எஞ்சின் தடாரென்று நின்றுவிடும், அல்லது பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ரொட் வளையும். சிறிதளவு வளைந்த ரொட்டுடனும் எஞ்சின் ஓடும் என்பதுதான் ஆபத்து. வளைந்த ரொட் நீளத்தில் குறைந்துவிடுவதால் பிஸ்டன் உச்சியைத் தொடாது, அமுக்கம் குறையும், டீசல் முழுமையாக எரியாது, வெள்ளைப் புகை வரும். உங்கள் வண்டியில் காணும் அறிகுறியும் இதுவே என்பதால், டீசல் சுத்தமாக இருந்தால் இதைச் சோதிக்காமல் விடக்கூடாது.

சோதனை கடினமானதன்று. ஒவ்வொரு சிலிண்டராக வேலை செய்வதை நிறுத்திப் பார்க்க வேண்டும். எதை நிறுத்தும்போது எஞ்சின் ஓட்டத்தில் மாற்றம் தெரியவில்லையோ, அதுதான் ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர். இதைப் பழைய வகைப் பம்ப் உள்ள லொறியில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்திச் செய்வார்கள். உங்கள் லொறி கொமன் ரெயில் வகையாக (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) இருந்தால் அதைச் செய்யவே கூடாது. அந்தக் குழாயில் அழுத்தம் 1,000 பாருக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) மேல் செல்லும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதற்கு எஞ்சினின் கணினியோடு இணைத்துச் சோதிக்கும் ஸ்கேனர்தான் வழி. பின்னர், நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளக்கச் சொல்லுங்கள். மூன்று ஒன்றுபோல இருந்து ஒன்று மட்டும் 4, 5 பார் குறைந்தால், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி அந்தப் பிஸ்டனின் உயரத்தை மற்றவற்றோடு ஒப்பிட வேண்டும். நான்கும் சமமாக இருந்தால் மட்டும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதனை மேசையில் வைத்துப் பாருங்கள். பழுதானதை மட்டும் மாற்றினால் போதும்.

வெள்ளத்துக்குள் எஞ்சின் நின்றுபோனவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2016 மே மாதம் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியிருந்தபோது, தண்ணீரில் நின்ற ஒரு லொறியை வேறொரு லொறியில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்ய முயன்று, பிறகு என்னிடம் கொண்டுவந்தார்கள். வளைந்த ரொட் எஞ்சின் புளொக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. உள்ளங்கை போகுமளவு ஓட்டை. இழுப்பதற்கு முன்னர் இன்ஜெக்டர்களையோ, ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக்குகளையோ கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றியிருந்தால், தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகப் பீறிட்டு வெளியேறியிருக்கும். அந்த எஞ்சினைக் காப்பாற்றியிருக்கலாம். நின்ற வண்டியில் சாவியைத் திருப்பாதீர்கள். பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, தள்ளியோ கட்டியிழுத்தோ நியூட்ரலில் கொண்டுவாருங்கள். காப்புறுதி இருந்தால், எஞ்சினைத் திறப்பதற்கு முன்னர் அவர்களுக்கு அறிவித்து, தண்ணீர் நின்ற மட்டத்தைப் படமெடுத்து வையுங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் ஓடிய என் லொறியின் எஞ்சின் ஒயில் பால் தேநீர் நிறமாகிவிட்டது. ஒருமுறை மாற்றினேன், மறுபடியும் வெளிறுகிறது. என்ன செய்வது?
– வாசகர், வத்தளை

பதில்: ஒருமுறை மாற்றினால் எல்லாம் வெளியேறாது, ஒயில் கூலரிலும் நுண்குழாய்களிலும் பழைய கலவை தங்கியிருக்கும். வண்டியை ஓர் இரவு சமதரையில் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் அடி நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். படிந்திருக்கும் தண்ணீர் முதலில் சொட்டும், பிறகே ஒயில் வரும். பில்டருடன் ஒயிலை மாற்றி, சுமையின்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு, மீண்டும் மாற்றுங்கள். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகும் வெளிறினால், வெள்ளத்தைக் குற்றம் சொல்வதை நிறுத்திவிட்டு ரேடியேட்டரைப் பாருங்கள். அங்கே தண்ணீர் குறைந்துகொண்டு வந்தால் ஹெட் காஸ்கெட்டோ (ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) ஒயில் கூலரோ பழுது.

கியர் பெட்டியையும், பின் அச்சிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலையும் மறந்துவிடாதீர்கள். சூடாக ஓடிவந்த டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காற்றுத் துளையான பிரீதர் வழியாகவும் சீல்களின் ஓரமாகவும் தண்ணீரை உள்ளிழுக்கிறது. அது உடனே சத்தம் போடாது. சில வாரங்களில் பெயாரிங் துருவேறி ஊளையிடத் தொடங்கும்போது அந்த மழையே பலருக்கு நினைவில் இருக்காது.

கேள்வி: எவ்வளவு ஆழம் வரை லொறியை இறக்கலாம்?
– வாசகர், தெமட்டகொடை

பதில்: சக்கரத்தின் நடுப்பகுதிதான் என் எல்லை. அதற்கு மேல் போனால் எஞ்சின் விசிறியின் இதழ்கள் தண்ணீரில் அடிபட்டு வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கக்கூடும். இறங்கியே ஆகவேண்டுமென்றால், தாழ்ந்த கியரில், மனிதர் நடக்கும் வேகத்தில், முன்னால் எழும் அலையை முந்தாமல் செல்லுங்கள். கரையேறியதும் பிரேக்கை மெதுவாகப் பலமுறை அழுத்திக் காயவையுங்கள்.

புறப்படுவதற்கு முன்னர், களனி கங்கையின் நீர்மட்டத்தைக் காட்டும் கொழும்பு நாகலகம் வீதி அளவுகோல் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம் என்பது அங்குள்ள கணக்கு. நீர் 5 அடியை நெருங்கும் நாளில் அவிசாவளைக்கு வெல்லம்பிட்டி வழியை விட்டு, மஹரகம, ஹோமாகம ஊடாக ஹைலெவல் வீதியில் செல்லுங்கள்.