பிடித்த ராக் கச்சேரி எது என்றால் நான் பேஸிலிருந்துதான் ஆரம்பிப்பேன்

கேள்வி: நீங்கள் நேரில் பார்த்த ராக் கச்சேரிகளில் உங்களுக்கு மிகவும் பிடித்தவை எவை? ஏன்?

ஒன்றே ஒன்று சொல் என்றால் 2007 மார்ச் 17, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ் மைதானம், அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் மெட்டல் குழு. யோசிக்கவே வேண்டாம். ஆனால் ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள், அதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும்.

நான் வளர்ந்தது பெங்களூருவின் அல்சூரில். வீட்டில் எந்நேரமும் இளையராஜா. அவர் பாட்டுகளில் பேஸ் கிட்டார், அதாவது கீழ்ச் சுரங்களை வாசிக்கும் தடித்த கம்பிக் கிட்டார், தனியாக ஒரு ராஜபாட்டை போட்டுக்கொண்டு போகும், பாடகர் ஒரு பக்கம் போனால் அது இன்னொரு பக்கம் போய்ச் சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். அதைத் தேடிக் கேட்கிற பழக்கம் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. அப்புறம் பள்ளி நாட்களில் ராக் வந்தது, பதிவு செய்து பதிவு செய்து தேய்ந்த கேசட்டுகளில். அதில் கிட்டாரும் கத்தலும் கேட்கும், பேஸ் கேட்கவே கேட்காது. காரணம் எளிது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது, அந்த ஒலியின் ஓர் அலை மட்டுமே 8 மீட்டருக்கு மேல் நீளம். உள்ளங்கை அளவு ஸ்பீக்கருக்கு அதை எழுப்பும் அளவுக்குக் காற்றைத் தள்ளத் தெம்பு கிடையாது, மேலே வரும் மெல்லிய அதிர்வுகளை வைத்து நம் காதுதான் மிச்சத்தை ஊகித்துக்கொள்கிறது. அதாவது நாங்கள் பல வருடம் பாதிப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்! மீதிப் பாதி கிடைத்தது கச்சேரியில். கோயில் திருவிழாவில் பறை அடிப்பவருக்கு நேர் எதிரே நின்றிருக்கிறீர்களா? அடிவயிற்றில் வந்து விழும் அந்த அடிதான் இதுவும்.

சரி, மெய்டனுக்கு வருகிறேன். மெட்டல் என்றால் ராக்கிலேயே கனமும் இரைச்சலும் கூடிய வகை. பெரிய மெட்டல் குழுக்கள் துபாய் வரை வந்துவிட்டு நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ரோஜர் வாட்டர்ஸ் 2002-இலும், ரோலிங் ஸ்டோன்ஸ் 2003-இலும் இதே மைதானத்தில் வாசித்துவிட்டுப் போயிருந்தார்கள், ஆனால் மெட்டல் ரசிகர்களுக்கு என்று அந்த அளவில் யாரும் வந்ததில்லை. அதனால் அன்று மைதானத்துக்குப் பக்கத்து மேக்ரி சர்க்கிளிலிருந்தே மெட்டல் ரசிகர்களின் கறுப்புச் சட்டைதான். கேரளாவிலிருந்து, கவுகாத்தியிலிருந்து, ஷில்லாங்கிலிருந்து எல்லாம் ரயில் ஏறி வந்த பையன்களோடு வரிசையில் நின்றேன். முதலில் டெல்லிக் குழுவான பரிக்ரமா வாசித்தது. அதே வருடம் இங்கிலாந்தின் டவுன்லோட் திருவிழாவிலும் அவர்கள் மேடை ஏறினார்கள், எங்களுக்கெல்லாம் அது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

மெய்டனில் மூன்று கிட்டார் கலைஞர்கள். ஊரே அவர்களைத்தான் பார்க்கும். நான் பார்த்தது ஸ்டீவ் ஹாரிஸை. 1975-இல் குழுவை ஆரம்பித்தவர், பெரும்பாலான பாட்டுகளுக்குக் கை வைத்தவர், பேஸ் வாசிப்பவர். பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) இல்லாமல் வெறும் விரலால், ஒரு நெடில் இரண்டு குறில், ஒரு நெடில் இரண்டு குறில் என்று குதிரைப் பாய்ச்சலில் விடாமல் வாசிப்பார். தி ட்ரூப்பர் பாட்டு ஆரம்பித்ததும் அந்தப் பாய்ச்சல் முதல்முறையாக ஸ்பீக்கரிலிருந்து என் நெஞ்சுக்கூட்டுக்குள் நேராக வந்தது. இத்தனை நாள் கேசட்டில் ஒரு மங்கலான உறுமலாக இருந்தது தனித்தனிச் சுரமாக உடைந்தது. ஒரு காலைத் தூக்கி மேடை ஓர ஸ்பீக்கர்மேல் வைத்து, பேஸைத் துப்பாக்கி மாதிரி கூட்டத்தை நோக்கி நீட்டி, கூடவே வரிகளை வாயசைத்துப் பாடிக்கொண்டே வாசித்தார். பின்னால் டிரம்ஸில் நிக்கோ மெக்ப்ரெய்ன், வெறுங்காலோடு, ஒற்றை மிதிகட்டையில். மெட்டலில் பாதிப் பேர் இரண்டு மிதிகட்டை வைத்து உருட்டும்போது, இவர் ஒரே காலால் ஹாரிஸின் விரலுக்கு ஈடு கொடுத்தார். இதைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் குழுவின் பாட்டுகளே வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தன, இன்றுவரை அப்படித்தான்.

ஃபியர் ஆஃப் தி டார்க் வந்தபோது நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. அந்தப் பாட்டில் வரி இல்லாத கிட்டார் மெட்டையே கூட்டம் பாட வேண்டும், அது உலகம் முழுக்க வழக்கம், நாங்கள் வீடியோவில் பார்த்து வயிறெரிந்த வழக்கம். அன்று யாரும் சொல்லிக்கொடுக்காமல் மொத்த மைதானமும் ஓ... ஓ... என்று சுதி சேர்ந்து எடுத்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவன் யார் என்றே தெரியாது, தோளில் கை போட்டு "மச்சா, நம்ம ஊர்ல மச்சா, நம்ம ஊர்ல!" என்று கத்தினான். அவன் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான்.

2009 பிப்ரவரியில் மெய்டன் மறுபடி வந்தார்கள். வாசிப்பு இன்னும் சுத்தம், ஆனால் முதல் தடவை முதல் தடவைதான்.

அடுத்தது மெட்டாலிகா, 2011 அக்டோபர் 30, அதே பேலஸ் கிரவுண்ட்ஸ். இரண்டு நாள் முன்னால் குருகிராமில் நடக்க வேண்டிய கச்சேரி ரத்தாகிவிட்டது, அங்கே மேடை வரை ரகளை. இங்கேயும் அப்படி ஆகிவிடுமோ என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் பயம். காலடியில் சேறு, மேலே மேகம். முதலில் வாசித்தவர்களில் பெங்களூருவின் இன்னர் சாங்க்டமும் உண்டு, சின்னச் சின்ன மேடைகளில் பார்த்த பையன்கள் அந்த மேடையில் நின்றது எங்கள் வீட்டுக் கல்யாணம் மாதிரி இருந்தது. மெட்டாலிகாவில் நான் காத்திருந்தது ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ் பாட்டின் தொடக்கத்துக்கு. கிட்டார் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கும் அந்த முதல் மெட்டு உண்மையில் பேஸ், ஒலியைக் கரகரப்பாக்கி வாசித்தது. பதிவில் வாசித்த கிளிஃப் பர்ட்டன் 1986-இல் சுவீடனில் பஸ் விபத்தில் 24 வயதில் இறந்துபோனார். மேடையில் ராபர்ட் ட்ருஹியோ முழங்கால் வரை தாழ்த்தித் தொங்கவிட்ட பேஸில், நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தபடி அதை வாசித்தபோது, இல்லாத ஒருவரின் கையெழுத்தை இருக்கிற ஒருவர் மரியாதையாகப் பிரதி எடுப்பது எனக்குப் புரிந்தது.

ஸ்லேயர், 2012 அக்டோபர், தணிசந்திரா பக்கம் பாரதிய சிட்டி. அங்கே போய்ச் சேருவதே ஒரு பாடு, ஆட்டோக்காரர்கள் இடத்தின் பேர் கேட்டதுமே வரமாட்டோம் என்று தலையாட்டிவிட்டார்கள். இதை நான் விரும்புவது டிரம்ஸுக்காக மட்டும்: டேவ் லொம்பார்டோ. அடுத்த வருடத் தொடக்கத்திலேயே அவர் குழுவில் இல்லை. அன்று போகாதவர்கள் இப்போதும் என்னிடம் வருத்தப்படுகிறார்கள்.

ஊர் தாண்டியும் ஒன்று உண்டு. 2009-இல் ஓபெத், சென்னை ஐஐடியின் சாரங் விழாவில். பெங்களூருவிலிருந்து ஒரு கும்பலே கிளம்பிப் போனோம். ஒரே பாட்டில் காட்டுக் கத்தலும் தாலாட்டும் மாறி மாறி வரும் குழு, நடுவில் அறுந்துபோகாமல் கட்டி வைப்பது மார்ட்டின் மெண்டெஸின் பேஸ். அந்தத் திறந்தவெளி அரங்கின் படிக்கட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டது பெரும் பாக்கியம்.

வெளிநாட்டுக் குழுக்களை மட்டும் பட்டியல் போட்டால் அது நியாயம் இல்லை. எங்கள் ஊர் அகம் குழுவை நேரில் கேளுங்கள். தீட்சிதரின் ரங்கபுர விஹாரா கீர்த்தனையை ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பிருந்தாவன சாரங்காவில் நிதானமாக எடுத்துக்கொண்டு போக, அடியில் பேஸும் டிரம்ஸும் மெல்ல மெல்ல ஏறும்போது, கர்நாடக சங்கீதக் கச்சேரிக்கு மட்டுமே போய்ப் பழகிய மாமிகளும் கறுப்புச் சட்டைப் பையன்களும் ஒரே வரிசையில் தாளம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். என் அம்மாவை நான் தைரியமாகக் கூட்டிப்போன ஒரே ராக் கச்சேரியும் அதுதான். அப்புறம் தெர்மல் அண்ட் எ குவார்ட்டர், கிரிப்டோஸ். இரண்டுமே தொண்ணூறுகளிலிருந்து இந்த ஊரில் வாசித்துவரும் குழுக்கள், இந்திரா நகர்ப் பக்கம் சின்ன இடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் கேட்டால் விரல் கம்பியில் உரசும் சத்தம்கூடக் கேட்கும்.

நீங்கள் இனிமேல்தான் போகப்போகிறீர்கள் என்றால் எங்கே நிற்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விழா ஒன்றில் சவுண்ட் பார்த்த அண்ணன் ஒருவர் சொல்லிக்கொடுத்தது: "முன்னாடி ஓடாத தம்பி, சைடுலயும் நிக்காத. என் டேபிளுக்கு முன்னாடி நடுவுல நில்லு, நான் கேக்கறதுதான் உனக்கும் கேக்கும்." மிக்ஸிங் மேசை இருக்கும் இடத்துக்குத்தான் ஒலியைச் சரி செய்கிறார்கள். பேஸ் ஸ்பீக்கர்களை மேடையின் இரண்டு பக்கமும் வைத்திருந்தால், நடுக்கோட்டில் இரண்டிலிருந்தும் அலை ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து பலமாகும். பக்கவாட்டில் போனால் ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் வந்து சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும், பேஸே காணாமல் போகும். மேடைக் கம்பியை ஒட்டி நின்றால் பாடகரின் வியர்வை தெரியும், பாட்டு முழுசாகக் கிடைக்காது. எனக்குப் பாட்டுதான் முக்கியம். மருந்துக் கடையில் நுரையில் செய்த காது அடைப்பான் கிடைக்கும், ஒரு ஜோடி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சு வேலைக்கு ஆகாது. அடைப்பான் காதுக்கு வலிக்கும் உச்ச ஒலிகளைத்தான் அதிகம் தடுக்கும், பேஸ் அதைப் பொருட்படுத்தாமல் உடம்பு வழியாக வந்துவிடும்.