வெறும் வியாபாரி

கேள்வி: அமெரிக்காவில் நியூபோர்ட் ஜாஸ் இசை விழாவை நடத்திய ஜார்ஜ் வெய்ன், கலைஞர்களை வைத்துக் காசு பார்த்த வெறும் வியாபாரி என்கிறான் என் நண்பன். கிளப் நடத்தினார், இசைத்தட்டு வெளியிட்டார் என்றும் படித்தேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: 'வியாபாரி' என்பதோடு நிறுத்தியிருந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். அந்த 'வெறும்'தான் இடிக்கிறது. வெறும் வயிறு தெரியும், வெறும் சோறு தெரியும். மாப்பிள்ளை விசாரிக்கும் இடங்களில் வெறும் வாத்தியார், வெறும் கிளார்க் என்பார்கள். இப்போது "வெறும் எம்.பி.பி.எஸ்.தானா?" என்று கேட்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். வெறுங்கை முழம் போடாது என்பதும் நம் ஊர்ச் சொல்தான். கலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை.

வெய்ன் பியானோ வாசித்தவர். 1950இல் பாஸ்டனில் ஸ்டோரிவில் என்று ஒரு கிளப் திறந்தார். நியூ ஆர்லியன்சில் ஒரு காலத்தில் விலைமாதர் வீடுகள் இருந்த வட்டாரத்தின் பெயர் அது. ஆசாரமான பாஸ்டனில் இப்படிப் பெயர் வைக்கத் துணிச்சல் வேண்டும். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே அங்கே பாடினார், சார்லி பார்க்கர் சாக்ஸபோன் வாசித்தார். அதே பெயரில் இசைத்தட்டுக் கம்பெனியும் தொடங்கினார். (டென்மார்க்கிலும் ஒரு ஸ்டோரிவில் உண்டு. பழைய தட்டு வாங்குகிறவர்கள் உறையைப் புரட்டிப் பார்த்து வாங்கவும்.)

1954இல் நியூபோர்ட் விழா. பணம் போட்டது லொரிலார்ட் தம்பதி. புகையிலைக் குடும்பம். 1957இல் லொரிலார்ட் கம்பெனி நியூபோர்ட் என்ற பெயரிலேயே ஒரு சிகரெட்டை இறக்கியது. பிற்பாடு வெய்னின் விழாக்களுக்குப் படியளந்தது கூல் சிகரெட். டிரம்பெட், சாக்ஸபோன் எல்லாம் நுரையீரலை நம்பி வாசிக்கும் வாத்தியங்கள்! எங்கள் பத்திரிகையில் பாத்திரக்கடை விளம்பரம் வந்ததற்காக எட்டுப் பக்கம் திட்டி எழுதிய கவிஞர் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். ஐயா, எவர்சில்வர் குடம் யாருக்கும் இருமல் வரவழைத்ததில்லை. உங்களுக்கு மாதாமாதம் போகும் இலவசப் பிரதியின் தபால் செலவு அந்தக் குடத்திலிருந்துதான் வருகிறது.

கைதட்டல் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1956 நியூபோர்ட் விழாவில், ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டனின் குழுவைச் சேர்ந்த பால் கொன்சால்வெஸ் சாக்ஸபோனில் நிறுத்தாமல் இருபத்தேழு சுற்று வாசித்தார். கூட்டம் எழுந்து ஆடியது. கலாட்டா ஆகிவிடுமோ என்று பயந்த வெய்ன், முடிக்கும்படி சைகை காட்டினார். எலிங்டன் அசையவில்லை. அடுத்த மாதம் டைம் இதழின் அட்டையில் எலிங்டன் படம். ஆனால் கொன்சால்வெஸ் வாசித்தது வானொலிக்காரர்களின் மைக்கில். இசைத்தட்டுக்கு அந்த ஒலி போதவில்லை. அதோடு கச்சேரியின் பெரும்பகுதியை ஸ்டூடியோவில் திரும்ப வாசித்து, கைதட்டலை ஒட்டி விற்றார்கள். வானொலி ஒலிநாடா கிடைத்து நிஜக் கச்சேரி தட்டாக வந்தது 1999இல். ஒட்டியது தட்டை வெளியிட்ட கொலம்பியா கம்பெனி, வெய்ன் அல்ல. வியாபாரி என்று அவர்களை யாரும் திட்டக் காணோம்.

உங்கள் நண்பர் பக்கமும் நியாயம் இருக்கிறது. சம்பளம் சரியில்லை என்று ஜாஸ் கலைஞர்கள் சார்ல்ஸ் மிங்கஸும் மேக்ஸ் ரோச்சும் 1960இல் அதே ஊரில் போட்டி விழாவே நடத்தினார்கள். இன்னொரு பக்கம், 1962இல் நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் விழா நடத்தக் கூப்பிட்டும் நடக்கவில்லை. வெள்ளையரும் கறுப்பரும் அங்கே ஒன்றாகப் புழங்கச் சட்டம் இடம் தரவில்லை. வெய்னின் மனைவி ஜாய்ஸ் கறுப்பினப் பெண். 1970இல்தான் அங்கே விழா நடந்தது.

அப்புறம், தன் விழாக்களிலேயே தன் குழுவுக்கும் ஒரு நேரம் ஒதுக்கிக்கொண்டு வெய்ன் பியானோ வாசித்துவந்தார். நடத்துகிறவரே வாசிக்கும்போது யார் எழுந்து போவார்கள்? எனக்கும் இந்தப் பத்திரிகையில் இரண்டு பக்கம் இருக்கிறதே.