சாணக் குழி கரண்டில் மோட்டார் ஓடுமா?

பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஆறு மாடு இருக்கிறது. இலவச மின் இணைப்புக்கு எழுதிக்கொடுத்து நான்கு வருஷமாகக் காத்திருக்கிறேன். சாணக் குழியில் பாக்டீரியா விட்டு 5 எச்.பி. மோட்டார் ஓட்டலாம், மானியமும் வரும் என்று ஒருவர் 40,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். பக்கெட் சேற்றில் எல்இடி எரியவிட்டும் காட்டினார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் ஐயா.

பாக்டீரியா கரண்ட் தருவது உண்மைதான். சேற்றில் காற்றுப் படாமல் வாழும் ஜியோபாக்டர் போன்றவை, தின்றதைச் செரிக்கும்போது எலக்ட்ரானை அருகில் வைத்த கார்பன் தகட்டில் இறக்கிவிடும்; அந்த எலக்ட்ரான் ஓட்டம்தான் கரண்ட். ஆனால் ஆய்வுக்கூடத்தில் பார்த்துப் பார்த்து வளர்த்தாலே ஒரு சதுர மீட்டர் கார்பன் பரப்புக்கு ஒன்றிரண்டு வாட்தான். உங்கள் மோட்டாருக்குச் சுமார் 3,700 வாட் வேண்டும். வாட்டுக்கு ஒரு சதுர மீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஒரு ஏக்கருக்குக் கார்பன் துணி விரிக்க வேண்டும்!

அப்புறம் அந்தப் பக்கெட். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு தகடு செம்பு. இன்னொன்றின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, அது துத்தநாகம். அந்தத் துத்தநாகம் அரிபட்டுத் தேய்கிறது, அதனால்தான் விளக்கு எரிகிறது. சேற்றைக் கொதிக்கவைத்து பாக்டீரியாவைக் கொன்றாலும் எரியும். இந்த வித்தையைக் காட்டித்தான் உங்களிடம் முன்பணம் கேட்கிறார். அடுத்த முறை "இரண்டு பக்கமும் கார்பனே வைத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அப்போது அரிபட உலோகம் இருக்காது, பாக்டீரியா தருவது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தார் போடோமாக் ஆற்றுச் சேற்றில் கார்பன் தகடுகளைப் புதைத்து, வானிலை அளக்கும் மிதவை ஒன்றை ஓட்டினார்கள். 2008-இல் அந்த ஆய்வு வெளியானது. போய் பேட்டரி மாற்ற முடியாத இடத்துக்கு அது அருமையான வழி. அதுவும் மில்லிவாட் (வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்குதான். மிதவைக்குப் போதும், தண்ணீர் இறைக்கப் போதாது.

உங்கள் ஆறு மாட்டுச் சாணத்துக்கு 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் பொருந்தும். அதுவும் நுண்ணுயிர் வேலைதான். வீட்டு அடுப்பு எரியும். மோட்டாருக்கு வேளாண் பொறியியல் துறையில் சோலார் பம்புசெட் மானியம் கேளுங்கள். விவசாயியை இப்படி வருஷக்கணக்கில் காக்க வைத்தால் இந்த மாதிரி ஆட்கள் வாசலுக்கு வராமல் என்ன செய்வார்கள்?

சிட்டா, ஆதார் நகல் ஏதும் கொடுத்திருந்தால் இன்றே திருப்பி வாங்குங்கள்.