பெரியப்பா சொல்லும் படிப்பு வேண்டாம்

அம்மா, உங்கள் மகள் பாடத்தை விட்டுவிட்டுக் கைப்பேசியில் கதவுச் சத்தத்தையும் லிஃப்ட் அறிவிப்பையும் பதிவு செய்கிறாள் என்று வருந்தினீர்கள். கடன் வாங்கியாவது கணினி அறிவியலில் சேர்க்கச் சொல்கிறார் அவள் பெரியப்பா. ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. அந்த சீட்டுக்காகக் கடன் வாங்காதீர்கள். தவணை கட்டப்போவது பெரியப்பா அல்ல.

அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கருவிகளுக்கு ஒலியும் குரலும் வடிவமைக்கும் வேலையைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

1939-இல் வோடர் என்ற பேசும் இயந்திரத்தைக் காட்டினார்கள். பயிற்சி பெற்ற பெண்கள் விசைகளை அழுத்தி அதைப் பேசவைத்தார்கள். 2016-இல் வந்த வேவ்நெட் என்ற குரல் உருவாக்கும் மென்பொருள், மாதிரிகளிலிருந்து தானே கற்கும் நரம்பியல் வலைப்பின்னலைக் கொண்டே மனிதக் குரலை நெருங்கிவிட்டது. "அப்படியானால் இவளுக்கு என்ன வேலை?" என்று கேட்டீர்கள். குரல் கிடைத்துவிட்டது, எப்படிப் பேச வேண்டும் என்பதை ஒருவர் முடிவு செய்தாக வேண்டுமே! 1947 என்பது ஆண்டா, தொகையா, கதவு எண்ணா? ஆங்கிலத்தில் இடத்துக்கேற்ப வேறு விதமாகப் படிக்க வேண்டும். உரையாடலில் நாம் பெரும்பாலும் கால் நொடிக்குள் பதில் சொல்லிவிடுகிறோம். இயந்திரம் இரண்டு நொடி தாமதித்தால் கேட்டவர் மறுபடி பேசத் தொடங்குவார், இரண்டு பேச்சும் மோதும். பார்வையற்றவர்கள் பலர், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானை மிக வேகமாக ஓடவிட்டுக் கேட்பவர்கள். அந்த வேகத்தில் இனிமையை விடத் தெளிவுதான் முக்கியம். மின்சாரக் கார் மெதுவாக ஊரும்போது நடப்பவர் காதில் விழ வேண்டும். வேகம் கூடுவதை அந்த ஒலியே உணர்த்த வேண்டும். மருத்துவக் கருவி தேவையில்லாமல் அலறிக்கொண்டே இருந்தால் செவிலியர் காது மரத்துப்போகும், உண்மையான ஆபத்து தவறிப்போகும். இவற்றையெல்லாம் சரியாகச் செய்யக் காது வேண்டும். உங்கள் மகளுக்கு அது இருக்கிறது.

ஒலி வடிவமைப்பு, குரல் வடிவமைப்பு என்ற பெயரில் வேலை விளம்பரங்கள் குறைவு, உண்மைதான். விளையாட்டு, வாகனம், குரல் உதவிச் செயலி எனப் பல குழுக்களுக்குள் ஒளிந்திருக்கும் வேலை இது. அதனால் பட்டம் மொழியியலிலோ இயற்பியலிலோ இருக்கட்டும்; கட்டணம் குறைந்த கல்லூரியே போதும். கூடவே நிரல் எழுதவும் பழகட்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே ஒரு மென்பொருளைக் கற்றுத்தர லட்சங்கள் கேட்கும் டிப்ளமோ பக்கம் போகவே வேண்டாம். பேச்சொலியை ஆராயும் பிராட், ஒலியைத் திருத்தும் ஆடாசிட்டி, ஒலி நிரல் எழுதும் பியூர் டேட்டா மூன்றும் இலவசம்.

இந்த விடுமுறையில் அவள் ஏதேனும் ஒரு செயலியின் எல்லா ஒலிகளையும் புதிதாகச் செய்யட்டும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, எது "முடிந்தது", எது "தவறு" என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் தடுமாறும் இடத்தை அவளே மறுபடி உட்கார்ந்து திருத்துகிறாளா என்று கவனியுங்கள். திருத்தினால், பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன்.