அறக்கட்டளை வீட்டை விற்கும்போது பத்திரத்தில் யார் பெயர் வர வேண்டும்?

செம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “எங்கள் தாத்தா ஏற்படுத்திய குடும்ப அறக்கட்டளைக்கு மாட்டுங்காவில் ஒரு பிளாட் இருக்கிறது. அப்பா, பெரியப்பா, அத்தை மூவரும் அறங்காவலர்கள். பெரியப்பா காலமாகிவிட்டார், அத்தை புணேயில் இருக்கிறார். கிரயப் பத்திரத்தில் அறக்கட்டளையின் பெயரைப் போட்டு அப்பா மட்டும் கையெழுத்திட்டால் போதும் என்கிறார் தரகர். சரியா? பெரியப்பாவின் பிள்ளைகளும் கையெழுத்திட வேண்டுமா?”

தரகர் சொல்வதை ஏற்க வேண்டாம். கம்பெனியைப் போலவோ, கோயில் சொத்துக்கு உரிமையாளராகச் சட்டம் ஏற்கும் தெய்வத்தைப் போலவோ அறக்கட்டளை தன் பெயரில் சொத்து வைத்திருக்கக்கூடிய சட்ட நபர் அன்று. 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டம் அதைச் சொத்துரிமையோடு பிணைந்த ஒரு கடப்பாடு என்றே வரையறுக்கிறது. உரிமை அறங்காவலர்களிடம் இருக்கிறது, பலன் பயனாளிகளுக்குச் சேர்கிறது. ஆகவே விற்பவர் என்ற இடத்தில், “இன்னாரின் மகன் இன்னார், இன்னாரின் மகள் இன்னார் ஆகிய இருவரும், இந்தத் தேதியிட்ட பத்திரத்தால் ஏற்படுத்தப்பட்ட இன்ன அறக்கட்டளையின் தற்போதைய அறங்காவலர்கள் என்ற நிலையில்” என்று ஆட்களின் பெயர், அறக்கட்டளையின் பெயர், எந்த நிலையில் கையெழுத்திடுகிறார்கள் என்ற விவரம் ஆகிய மூன்றும் சேர்ந்து வர வேண்டும். அந்த நிலையைக் குறிப்பிடாமல் பெயர்களை மட்டும் எழுதினால், அது அவர்களுடைய சொந்தச் சொத்து என்று பிற்காலத்தில் வாதிட இடம் கிடைத்துவிடும்.

மும்பையின் பழைய பத்திரங்களில் இதையடுத்து, “காலத்துக்குக் காலம் பொறுப்பில் இருக்கும் அறங்காவலர்கள், அவர்களுள் எஞ்சி நிற்பவர்கள், கடைசியாக எஞ்சியவரின் வாரிசுகள்” என்று ஒரு நீண்ட தொடர் வரும். வெறும் சடங்கு என்று அதை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு, ஆனால் நான் வெட்டமாட்டேன், ஏனெனில் ஒருவர் மறைந்தாலும் பொறுப்பு யாரிடம் தொடர்கிறது என்பதை அந்தத் தொடர்தான் சொல்கிறது.

உங்கள் பெரியப்பா விஷயத்திலும் கேள்வி அதுவே. அறக்கட்டளைப் பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, ஓர் அறங்காவலர் இறந்தால் சொத்து மற்ற அறங்காவலர்களிடமே நிற்கும் என்கிறது சட்டத்தின் 76ஆம் பிரிவு. அவருடைய பிள்ளைகள் வாரிசுகளாகக் கையெழுத்திடத் தேவையில்லை. கையெழுத்திடவும் கூடாது என்பேன், அது அவருடைய சொந்தப் பங்கு என்று நீங்களே ஒப்புக்கொள்வது போலாகிவிடும். அவர்கள் பயனாளிகளாக இருந்தால், அந்த நிலையில் தனியே ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது. இறப்புச் சான்றிதழின் விவரத்தை முன்னுரைப் பத்தியில் சேருங்கள். அறங்காவலர்கள் குறைந்தது மூவர் இருக்க வேண்டும் என்று உங்கள் பத்திரம் சொன்னால், புதியவரை எழுத்து மூலம் நியமித்து அவரையும் சேர்த்த பிறகே விற்க வேண்டும். விற்கும் அதிகாரம் அதில் வெளிப்படையாகத் தரப்பட்டிருக்கிறதா என்பதையும் முன்பணம் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

அத்தையைப் பற்றி. பத்திரம் வேறுவிதமாக அனுமதிக்காவிட்டால், அறங்காவலர்கள் அனைவரும் சேர்ந்தே செயல்பட வேண்டும் என்கிறது 48ஆம் பிரிவு. விற்பதா, என்ன விலைக்கு என்ற முடிவை அவர் உங்கள் அப்பாவிடம் ஒப்படைத்துவிட முடியாது. சுய முடிவுக்கு இடமில்லாத வெறும் நடைமுறை வேலையை மட்டும் இன்னொருவரிடம் விடலாம். எனவே விலையைக் குறிப்பிட்டு இருவரும் தீர்மானத்தில் கையெழுத்திட்டு, கிரயப் பத்திரத்திலும் அத்தையே கையெழுத்திட வேண்டும். பதிவின்போது அதை ஒப்புக்கொள்வதற்கு மட்டும், புணேயில் தம் பகுதிச் சார்பதிவாளர் முன்னிலையில் அத்தாட்சி பெற்ற பவர் தரலாம். இதற்கு நோட்டரி முத்திரை போதாது. முடிந்தால் அவரே ஒருநாள் வந்துபோவதுதான் எல்லோருக்கும் நிம்மதி.

பான் எண்ணில் பலர் தவறுகிறார்கள். விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஆனால் வாங்குபவர் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். அங்கே அப்பாவின் சொந்தப் பானைக் கொடுத்தால் வரி அவர் கணக்கில் ஏறிவிடும். அறக்கட்டளையின் பானையே கொடுங்கள், பணமும் அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கே வரட்டும்.

இவையெல்லாம் தனியார் குடும்ப அறக்கட்டளைக்குப் பொருந்துபவை. தாத்தா அதை அறச் செயல்களுக்கான பொது அறக்கட்டளையாகப் பதிவு செய்திருந்தால், மகாராஷ்டிர பொது அறக்கட்டளைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி அறநிலைய ஆணையரின் முன் அனுமதியில்லாத விற்பனை செல்லாது. அப்போது அந்த அனுமதி ஆணையின் எண்ணும் தேதியும் கிரயப் பத்திரத்தில் இடம்பெற வேண்டும்.