இங்கிலாந்தில் புது வீட்டுக்கு இ.பி.சி. ‘பி’ என்றால் கேஸ், கரண்ட் பில் குறையுமா?

குறையும். இ.பி.சி. என்பது வீட்டின் எரிசக்திச் சான்றிதழ்; அதில் ‘ஏ’ சிறந்தது, ‘ஜி’ மோசமானது. 1930-களில் கட்டிய வாடகை வீட்டிலிருந்து போகிறீர்கள் என்றால் முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் அந்த ‘பி’க்காக ஒரு பவுண்டுகூட அதிகம் கொடுக்காதீர்கள். இப்போது கட்டுகிற வீடுகளில் பெரும்பாலானவை ‘ஏ’ அல்லது ‘பி’தான். 81 புள்ளி வாங்கினாலும் ‘பி’, 91 வாங்கினாலும் ‘பி’. எழுத்தை விட்டுவிட்டுப் புள்ளியைக் கேளுங்கள்.

யாரும் வருஷம் முழுக்க மீட்டர் பார்த்துப் புள்ளி போடுவதில்லை. சுவர், ஜன்னல், பாய்லர், கூரை சோலார் எல்லாவற்றையும் எஸ்.ஏ.பி. என்ற கணக்கில் போட்டு, பரப்பளவுக்கு எவ்வளவு செலவாகும் என்று பார்க்கிறார்கள். எத்தனை பேர் இருப்பார்கள் என்பதுகூடத் தரைப்பரப்பை வைத்து ஓர் ஊகம்தான். ஹால் 21 டிகிரியில் இருக்கும் என்றும் வைத்துக்கொள்கிறார்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து, பகலெல்லாம் ஹீட்டர் ஓடினால் கணக்கு போச்சு. அடுப்பு, ஃப்ரிட்ஜ், கிரைண்டர் எதுவும் இந்தப் புள்ளியில் சேராது.

கட்டி முடிக்காத வீடு என்றால், கையில் இருப்பது பிளானை வைத்துப் போட்ட முன்மதிப்பீடு மட்டுமே. கட்டி முடித்தபின் வருவதுதான் சான்றிதழ். 10 வருஷம் செல்லும். அதே எஸ்டேட்டில் முன்பே முடிந்த வீடுகள் இருந்தால், அரசு இணையதளத்தில் போஸ்ட்கோட் போட்டு அவற்றின் சான்றிதழைப் பாருங்கள். விளம்பரத்தைவிட அது நம்பகமானது.

நான் முக்கியமாகப் பார்ப்பது காற்றுக்கசிவு சோதனை. வாசல் கதவில் பெரிய ஃபேனைப் பொருத்தி, 50 பாஸ்கல் அழுத்தத்தில் வீடு எவ்வளவு ஒழுகுகிறது என்று அளப்பார்கள். 2022 ஜூனில் அமலுக்கு வந்த விதிப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் இது கட்டாயம். உச்ச வரம்பு 8 (வீட்டின் வெளிப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மணி நேரத்தில் கசியும் காற்று, கன மீட்டரில்). ஐந்துக்குக் கீழே இருந்தால் திருப்தி. சோதனை முடிந்த வீட்டிலும் ஓட்டை இருக்கும். எங்கள் வீட்டில் கிச்சன் சிங்குக்கு அடியில், பைப் சுவருக்குள் போகிற இடத்தில் கை வைத்தால் ஜில்லென்று காற்று வரும். குறை லிஸ்டில் எழுதிக் கொடுத்தோம், பில்டரின் ஆள் வந்து அடைத்துவிட்டுப் போனார்.

அதே விதியின்படி, இன்சுலேஷனை மூடுவதற்கு முன் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். வீட்டுக்காரருக்கும் அது தரப்பட வேண்டும். கம்ப்ளீஷனுக்கு (வீடு உங்கள் கைக்கு வரும் நாள்) முன்பே சொலிசிட்டர் (வக்கீல்) மூலம் எழுத்தில் கேளுங்கள். போட்டோவில் உங்கள் மனை (plot) நம்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.