தோப்பை விற்க வேண்டாம், பிள்ளை கிட் பழகட்டும்

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம். மகள் பத்து வரை தமிழ்வழியில் படித்து, இப்போது பிளஸ் டூவும் முடித்துவிட்டாள். கோயம்புத்தூர் மாமா ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏஐ இன்ஜினியரிங் சீட் பேசி வைத்திருக்கிறார். பணத்துக்குத் தென்னந்தோப்பில் பாதியை விற்க வேண்டும். மகளோ பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் போதும் என்கிறாள். அதை மட்டும் படித்தால் வேலை கிடைக்குமா என்ற உங்கள் பயம் புரிகிறது.

ஆனாலும் தோப்பை விற்காதீர்கள். மாமா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் கையை விட்டுப் போவது உங்கள் நிலம். படிப்பின் பெயரில் ஏஐ இருப்பதற்காக மட்டும் யாரும் வேலை தருவதில்லை. கேரளத்தில் 2024 முதல் பட்டப்படிப்பு நான்கு வருடம். மூன்றாவது வருடமே பட்டத்தோடு வெளியே வரலாம். பிளஸ் டூவில் கணிதம் படித்திருப்பதால் பிறகு எம்.சி.ஏ.வுக்கும் தடையில்லை.

பள்ளியின் கணினி மன்றமான லிட்டில் கைட்ஸில் இருந்தபோது தேங்காய் விலை காட்டும் வலைப்பக்கம் ஒன்றைத் தானாகவே செய்தாள் என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் பேச வேண்டியதே அதைத்தான். அந்தப் பக்கத்தை வைத்து அவள் இந்த விடுமுறையில் கிட் (Git) பழகட்டும். ஃபைல்களில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கும் மென்பொருள் அது. பைசா செலவில்லை. பள்ளி லேபில் அவள் பழகிய லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அதில் பலர் செய்யும் மாற்றங்களைக் கையாள 2005-ல் எழுதிய மென்பொருள்தான் கிட்.

அந்த வலைப்பக்கம் இருக்கும் ஃபோல்டரில், கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலைத் திறந்து 'கிட் இனிட்' அடித்தால் வேலை தொடங்கிவிடும். எந்த ஃபைல் மாறியிருக்கிறது என்பதை 'கிட் ஸ்டேட்டஸ்' சொல்லும், எந்த வரி என்பதை 'கிட் டிஃப்' காட்டும். 'கிட் ஆட்' போட்டு எடுத்து வைத்து, 'கிட் கமிட்' அடித்துப் பதிவு செய்து, என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். இதில் சோம்பல் கூடவே கூடாது. "சரி செய்தேன்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "விலை காலியாக இருந்தால் பக்கம் நின்றுபோவதைத் திருத்தினேன்" என்று எழுதட்டும். நாளைக்கு வேலைக்கு எடுப்பவர் இந்தப் பதிவுகளை வரிசையாகக் காட்டும் 'கிட் லாக்' பார்த்தால் அவள் யோசிக்கும் விதம் அதில் தெரியும். இதுவரை எதற்கும் இன்டர்நெட் வேண்டாம்.

புது யோசனையை 'கிட் ஸ்விட்ச் மைனஸ் சி' போட்டுத் அசலைத் தொடாத தனிக் கிளையில் செய்து பார்த்து, சரியாக வந்தால் 'கிட் மெர்ஜ்' போட்டு அசலோடு சேர்க்கலாம். மாற்றத்தை நீக்கி ஃபைலைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் 'கிட் ரிஸ்டோர்' அடிக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். கமிட் செய்யாத மாற்றம் போனால் போனதுதான்.

அப்புறம், 'கிட் புஷ்' செய்து இன்டர்நெட்டில் ஏற்றிப் பொதுவில் வைத்தால் கமிட்டில் உள்ள மின்னஞ்சல் யார் கண்ணிலும் படும். அதனால் இதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளட்டும். பாஸ்வேர்டு எதையும் கமிட் செய்யவே கூடாது. பின்னால் அழித்தாலும் பழைய கமிட்டில் இருக்கும்.

மாமாவிடம் நீங்களே பேசுங்கள், அந்தச் சுமையை மகள் தலையில் வைக்காதீர்கள். சீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் இந்த வாரமே எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள். காலிகட் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அரசுக் கல்லூரிகளை அவளே வரிசைப்படுத்தட்டும்.